மணல் குவியலும் கொக்கிப்புழுவும்



எங்கள் அல்சூர் சந்துகளில் எங்காவது ஒரு வீட்டை இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். வாசலில் கொட்டிய மணல் பகலில் பிள்ளைகளுக்கு, இரவில் தெருநாய்களுக்கு. நாய், பூனைக் கழிவில் வெளியேறும் கொக்கிப்புழு முட்டைகள் ஈர மணலில் பொரிந்து, இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைகின்றன. மனித உடலில் அவை பெரும்பாலும் முழுதாக வளர முடியாது. தோலுக்கடியிலேயே நாளுக்குச் சில மில்லிமீட்டர், சிலசமயம் ஓரிரு சென்டிமீட்டர் ஊர்ந்து, சிவந்த நெளிகோடு போடும். இராத்தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு வேறு.

படர்தாமரை என்று நினைத்து, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைத் தடவுவதுதான் நம் வழக்கம். அதற்குப் புழு சாகாது. கோட்டின் நுனியைப் பொசுக்குவதும் வீண். புழு அதைத் தாண்டிப் போயிருக்கும். மருத்துவர் எடை பார்த்துத் தரும் ஒரு வேளை ஐவர்மெக்டின், அல்லது சில நாள் அல்பெண்டசோல் பெரும்பாலும் போதும். (பள்ளியில் குடற்புழு நீக்க நாளன்று தருகிறார்களே, அதே அல்பெண்டசோல்தான். அந்த ஒற்றை மாத்திரையை மட்டும் இதற்கு நம்பக் கூடாது.)

மணல் கொட்டுபவர்கள் இரவில் தார்ப்பாய் போட்டு மூடுவதை மாநகராட்சி கட்டாயமாக்கலாம். தெருநாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடும்போதே புழுநீக்க மருந்தையும் விடாமல் கொடுக்கட்டும்.

— ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு