கடிதம் போய்ச் சேர்ந்ததா?

இழப்பீடு கோரும் கடிதத்தைப் பெண்மணி ஒருவர் உரிய காலத்திற்குள் எழுதி, முகவரியைச் சரியாக இட்டு, அஞ்சல்தலை ஒட்டி, அஞ்சல் பெட்டியில் சேர்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். காப்புறுதி நிறுவனமோ, “அப்படி ஒரு கடிதம் எங்களுக்கு வரவே இல்லை” என்கிறது. வழக்கு அமெரிக்க நீதிமன்றம் ஒன்றுக்குப் போகிறது. கடிதம் போய்ச் சேர்ந்ததை அவர் எவ்வாறு மெய்ப்பிப்பார்? நிறுவனத்தின் அலுவலகத்திற்குள் நடந்ததை அவர் அறிய வழியில்லையே!

இங்கேதான் சட்ட அனுமானம் அவருக்குத் துணை வருகிறது. முறையாக அஞ்சலில் சேர்க்கப்பட்ட கடிதம் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்பது நெடுங்கால விதி. அஞ்சலில் சேர்த்ததை மட்டும் அவர் மெய்ப்பித்தால் போதும். மறுப்பதற்கு எதிர்த்தரப்பிடம் சான்று இல்லையென்றால், கடிதம் கிடைத்தது என்றே ஜூரிகள் முடிவு செய்ய வேண்டும்.

ஜூரிகள் என்போர் சட்டம் படித்தவர்கள் அல்லர்; பொதுமக்களிடையே இருந்து தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். மலேசியாவில் 1995ஆம் ஆண்டிலும், சிங்கப்பூரில் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் இம்முறை முடிவுக்கு வந்தது. அமெரிக்காவிலோ 1791ஆம் ஆண்டின் ஏழாவது அரசமைப்புத் திருத்தம், 20 டாலருக்கு மேற்பட்ட சிவில் வழக்குகளிலும் ஜூரி உரிமையைக் காத்து வருகிறது. அந்த 20 டாலர் இன்றுவரை மாற்றப்படவில்லை என்பது வேடிக்கைதான்!

சரி, நிறுவனத்தின் எழுத்தர் சாட்சிக் கூண்டில் ஏறி, “கடிதம் வரவில்லை” என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? ஹார்வர்டு பேராசிரியர் ஜேம்ஸ் பிராட்லி தேயர் 1898ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் வழி வந்த கொள்கையின்படி, அந்தக் கணமே அனுமானம் நீர்க்குமிழிபோல் உடைந்துவிடும். அதன்பின் ஜூரிகள் தாங்களே இரு தரப்புச் சான்றுகளையும் எடைபோட வேண்டும். பின்னர் வந்த எட்மண்ட் மோர்கன் இதனை ஏற்கவில்லை. அவ்வளவு எளிதில் உடையும் அனுமானத்தால் யாருக்கு என்ன பயன்? கடிதம் வரவில்லை என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பே எதிர்த்தரப்பின் தோளுக்கு மாற வேண்டும் என்பது அவர் வாதம்.

1975ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த கூட்டரசுச் சான்று விதிகள் பெரும்பாலும் தேயர் பக்கம் நின்றன. கலிபோர்னியா மாநிலம் 1967ஆம் ஆண்டிலிருந்தே நடுவழி ஒன்றைக் கண்டிருந்தது. அங்கே சில அனுமானங்கள் குமிழிகள். சில, பொறுப்பையே மாற்றுபவை. சடங்கு செய்து நடந்த திருமணம் செல்லும் என்ற அனுமானம் இரண்டாம் வகை. குடும்பத்தையும் பிள்ளைகளையும் காப்பது பொதுநலம் என்பதால், அதனை மறுப்பவரே முழுமையாக மெய்ப்பிக்க வேண்டும். ஆனால், கடிதத்தை அம்மாநிலம் முதல் வகையில் வைத்துவிட்டது.

இதில் எனக்கு உடன்பாடில்லை. வராத ஒன்றை வரவில்லை என்று மெய்ப்பிப்பது கடினம் என்பார்கள்; உண்மைதான். ஆயினும், வந்த கடிதங்களைப் பதியும் ஏடும், அவற்றைப் பிரித்துக் கொடுக்கும் ஊழியரும் இருப்பது நிறுவனத்திடம். அந்தப் பெண்மணியிடம் இருப்பதோ கடிதத்தின் நகலும் தம் வாக்குமூலமும் மட்டுமே. சான்று யார் கையில் இருக்கிறதோ அவரிடமே பொறுப்பையும் தருவதுதான் முறை.

இரு தரப்பும் சரிசமமாகத் தோன்றும்போதுதான் இந்த வேறுபாடு வெளிப்படும். பொறுப்பு பெண்மணியிடமே இருந்தால், சமநிலையில் நிற்கும் வழக்கில் அவர் தோற்பார். நிறுவனத்திடம் இருந்தால், அவர் வெல்வார். கேட்ட சாட்சியம் ஒன்றே, ஜூரிகளும் அவர்களே. ஆலோசனை அறைக்குள் போகுமுன் நீதிபதி அவர்களிடம் சொல்லும் ஒரு வாக்கியம் மட்டுமே மாறியிருக்கும்.