பனி பஞ்சு மாதிரி இருக்கும் என்று யார் சொன்னது?

சினிமாப் பாட்டுகளில் பனி எப்போதும் பஞ்சு மாதிரிதான். கதாநாயகன் ஒரு கை அள்ளி கதாநாயகி மேல் எறிவான், அவள் சிரிப்பாள். மணாலிக்குத் தேனிலவு போய் வந்தவர்களின் ஆல்பத்திலும் இதே காட்சிதான். வெயில் ஊர்க்காரர்களுக்குப் பனியைப் பற்றித் தெரிந்தது அவ்வளவே.

அதே பனி கல்லாகவும் ஆகும். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், சுமார் 19,600 அடி உயரத்தில், ஒரு பெரிய பனிச்சுவர் சரிந்து மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 10 வீரர்களைப் புதைத்தது. அவர்களில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். மீட்கப் போனவர்களுக்கு வெறும் மண்வெட்டி போதவில்லை. பாறை துளைக்கும் கருவிகளும் மின்ரம்பங்களும் வைத்து அறுக்க வேண்டியிருந்தது. பல நாள் தேடலுக்குப் பிறகு லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் உயிரோடு கிடைத்தார். நாடே அதிசயம் என்றது. பிப்ரவரி 11 அன்று டெல்லியில் அவரும் இறந்து போனார்.

அங்கே விழுந்ததில் ஏற்கெனவே கெட்டியான பனிப்பாளங்களும் இருந்தன. ஆனால் வெறும் தூள்பனி சரிந்தாலும் கடைசியில் கெட்டியாகத்தான் போகிறது. எப்படி?

"குளிரில் உறைந்துவிடும்" என்பதுதான் பலரும் சொல்லும் பதில். ஆனால் பனி ஏற்கெனவே உறைந்ததுதானே! சரியான விடை வீட்டு ஃப்ரீசரிலேயே இருக்கிறது. ஐஸ் கட்டிகளை ஒரு கிண்ணத்தில் போட்டு உள்ளே வைத்து, சில நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். உருகவே இல்லை, ஆனாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

பனித்துகள்கள் செய்வதும் இதுதான். இரண்டு துகள்கள் தொட்டுக்கொண்டால், அவற்றின் மேற்பரப்பில் உள்ள நீர் மூலக்கூறுகள் ஆவியாகக் கிளம்பி, தொடும் இடத்தில் போய்ப் படிகின்றன. அங்கே மெல்லிய கழுத்து போல ஓர் இணைப்பு வளர்கிறது. நேரம் போகப் போக அந்தக் கழுத்து தடிக்கிறது, மொத்தப் பனியும் இறுகுகிறது. இதற்கு சின்டரிங் என்று பெயர். குண்டு பல்பின் டங்ஸ்டன் இழைக்கான உலோகப் பொடியைக் கட்டியாக்குவதும் இதே முறையில்தான். ஆனால் அதற்குக் கொதிக்கிற உலை வேண்டும். பனிக்கு வேண்டாம். −10 டிகிரி என்பது மனிதனுக்குத்தான் கடுங்குளிர். பனிக்கட்டியைப் பொறுத்தவரை உருகுவதற்கு இன்னும் பத்தே டிகிரிதான் பாக்கி!

பனிச்சரிவில் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கிறது. மலையில் உருண்டு வரும்போது துகள்கள் உடைந்து பொடியாகின்றன, உராய்வில் கொஞ்சம் சூடாகின்றன, நின்றதும் நெருக்கமாக அமுங்குகின்றன. பொடி எவ்வளவு சிறியதோ அவ்வளவு சீக்கிரம் ஒட்டும். சிமென்ட் இறுக மணிக்கணக்காகும், இதற்குச் சில நிமிடங்கள் போதும். ஓடும்போது தண்ணீர் மாதிரி இருந்தது, நின்றதும் உள்ளே மாட்டியவரை விரலைக்கூட அசைக்க விடாது. அவர் விடும் மூச்சின் ஈரமும் வாயைச் சுற்றி உறைந்து காற்றை அடைத்துவிடும்.

இந்தக் குணத்தால் நன்மையும் உண்டு. எஸ்கிமோக்களின் இக்ளூ இடியாமல் நிற்பது இதனால்தான். அண்டார்டிகாவில் 2017 இல் திறக்கப்பட்ட பீனிக்ஸ் விமானத்தளத்தின் ஓடுபாதையே அழுத்தி இறுக்கிய பனிதான். அதில் சி-17 மாதிரியான ராட்சத விமானமே இறங்கும்.

ஆக, எதிரி பனி மட்டுமல்ல, கடிகாரமும்தான். சுவிட்சர்லாந்தின் விபத்துக் கணக்குகளை வைத்து 1994 இல் வந்த ஆய்வின்படி, முழுக்கப் புதைந்தவர்களை 15 நிமிடத்துக்குள் எடுத்தால் 10 பேரில் 9 பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடம் ஆனால் 3 பேர்தான். 2024 இல் வந்த புதிய கணக்கு அந்த 15 நிமிடத்தையும் சுமார் 10 ஆகக் குறைத்துவிட்டது.

பத்து நிமிடத்தில் எந்த ஹெலிகாப்டர் வரும்? எந்த மோப்ப நாய் வரும்? பக்கத்தில் நிற்கும் கூட்டாளிதான் காப்பாற்ற முடியும். அதற்கு ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள் வேண்டும்: சிக்னல் அனுப்பும் கருவி, குத்திப் பார்க்க நீளக் கம்பி, ஒரு மண்வெட்டி. ஆல்ப்ஸ் மலையில் சறுக்கப் போகிறவர்களுக்கு இது சாதாரண விஷயம். இமயமலையில் சம்பளத்துக்கு வேலை செய்யும் தொழிலாளிக்கும் அது கிடைக்க வேண்டாமா?

2025 பிப்ரவரி 28 அன்று உத்தரகண்டின் மாணா கிராமத்துக்கு அருகே சாலைப் பணியாளர் முகாம் மேல் பனி சரிந்தது. 54 பேர் சிக்கினார்கள், 46 பேர் மீட்கப்பட்டார்கள், 8 பேர் இறந்தார்கள். பலர் பிழைக்க உதவியது அவர்கள் தங்கியிருந்த இரும்புக் கன்டெய்னர்கள். பனி இறுகினாலும் உள்ளே மூச்சுவிட இடம் இருந்தது. இத்தனைக்கும், அந்தப் பகுதிக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை முந்தின நாளே வந்திருந்தது.

மீட்புப் படையின் வீரத்தைப் பாராட்டுவதில் தவறே இல்லை. ஆனால் இறுகிய பனியை ஒரு வாரம் அறுப்பதற்கு ஆகும் செலவையும், ஆளுக்கு ஒரு கருவியும் மண்வெட்டியும் கொடுப்பதற்கு ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எது லாபம் என்று சொல்ல ஆடிட்டர் தேவையில்லை. எச்சரிக்கை வந்தால் முகாமை காலி செய்வது அதைவிட மலிவு. ஒப்பந்ததாரர்களுக்கும் ட்ரெக்கிங் நடத்துபவர்களுக்கும் இதைச் சட்டமாகவே ஆக்க வேண்டும்.

நண்பர்கள் யாராவது குளிர்காலத்தில் இமயமலை ட்ரெக்கிங் கிளம்பினால், கேமரா இருக்கிறதா என்று கேட்காதீர்கள். கூட வருகிறவர்களின் பையில் மண்வெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள்.