குண்டு குறி தவறியிருந்தால்?

உங்கள் ஆபீஸில் உங்களுக்கு ஓர் எதிரி இருப்பார். இல்லை என்று சத்தியம் செய்யாதீர்கள்; பக்கத்து மேஜையிலேயே இருப்பார். உங்களைப் பற்றி கான்டீனில் அவர் ஏதோ சொன்னதாக மூன்றாவது ஆசாமி வந்து வத்தி வைப்பார். என்ன சொன்னார்? 'அதை என் வாயால எப்படி ஸார் சொல்றது?' என்று இழுப்பார். அதனாலேயே கோபம் இரண்டு மடங்காகும்.

இதே சமாசாரத்துக்காக ஒரு துணை ஜனாதிபதி ஒரு முன்னாள் நிதி மந்திரியைச் சுட்டே கொன்றுவிட்டார். அமெரிக்காவில், 1804-ல்.

சுட்டவர் ஆரன் பர். செத்தவர் அலெக்ஸாண்டர் ஹாமில்டன், அந்த நாட்டின் முதல் நிதி மந்திரி. சுதந்திரப் போரில் மாநிலங்கள் வாங்கிய கடனை மத்திய அரசின் தலையில் ஏற்றி, 'ஒழுங்காகத் திருப்பிக் கட்டினால்தான் நாளைக்கு எவனாவது நம்பிக் கொடுப்பான்' என்று நாட்டுக்கே கணக்குப்பிள்ளை வேலை பார்த்தவர். பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்கு அவர் மேல் தனிப் பாசம் உண்டு.

இரண்டு பேரும் நியூயார்க் வக்கீல்கள். 1800-ல் ஒரு கொலை கேஸில் ஒரே ஆளுக்காகச் சேர்ந்து வாதாடி விடுதலை வாங்கிக் கொடுத்தவர்கள்! அதே வருஷம் ஜனாதிபதி தேர்தல். ஜெஃபர்ஸனுக்கும் பர்ருக்கும் சமமாக 73 ஓட்டு. கீழ்ச்சபையில் 36 தடவை ஓட்டெடுத்துத்தான் முடிவு தெரிந்தது. ஜெஃபர்ஸனை ஹாமில்டனுக்குப் பிடிக்காது. ஆனாலும், 'பர் மட்டும் வேண்டவே வேண்டாம்' என்று கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார். ஜெஃபர்ஸன் ஜெயித்தார்.

1804-ல் பர் நியூயார்க் கவர்னர் பதவிக்கு நின்று தோற்றார். அப்போதுதான் ஒரு டாக்டரின் கடிதம் பேப்பரில் வந்தது. ஒரு விருந்தில் பர்ரைப் பற்றி ஹாமில்டன் 'இன்னும் கேவலமான' அபிப்ராயம் ஒன்றைச் சொன்னாராம். என்ன அபிப்ராயம்? அது கடிதத்தில் இல்லை. பர் விளக்கம் கேட்டார். 'சொன்னேன், மன்னியுங்கள்' என்றோ, 'சொல்லவில்லை' என்றோ ஒரு வரி எழுதியிருக்கலாம். ஹாமில்டனோ அந்தக் 'கேவல'த்துக்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று இலக்கண வகுப்பு நடத்தினார்.

ஜூலை 11 காலை. ஹட்ஸன் நதிக்கு அக்கரையில் வீஹாக்கன். முதல் குண்டை வீணாக்கப் போவதாக ஹாமில்டன் முன்பே எழுதி வைத்திருந்தார். அவருடைய குண்டு மரக்கிளையில் பட்டது. பர்ரின் குண்டு இடுப்புக்கு மேலே பாய்ந்து முதுகெலும்பில் தங்கியது. மறுநாள் மரணம். மூன்று வருஷம் முன்னால் அவருடைய மூத்த மகன் ஃபிலிப்பும் இதே மாதிரி ஒரு துப்பாக்கிச் சண்டையில் போனவன்தான். வயது 19.

சரி, பர்ரின் குண்டும் மரத்தில் பட்டிருந்தால்?

இருவரும் படகேறி வீட்டுக்குப் போய் டிபன் சாப்பிட்டிருப்பார்கள். ஹாமில்டன் ஜனாதிபதி ஆகியிருப்பாரா? சந்தேகம்தான். அவர் கட்சி அந்த வருஷத் தேர்தலில் 162-க்கு 14 என்று உதை வாங்கியது. போதாக்குறைக்கு, இன்னொருவர் மனைவியோடு தனக்கிருந்த தொடர்பை 1797-ல் தானே அச்சுப் போட்டு வெளியிட்ட புண்ணியவான் அவர்.

ஆனால் 1811-ஐப் பாருங்கள். அவர் உருவாக்கிய தேசிய பாங்க்கின் 20 வருஷ லைசென்ஸ் முடிந்தது. புதுப்பிக்கும் மசோதா கீழ்ச்சபையில் ஒரே ஓட்டில் அடிபட்டது. செனட்டில் 17-க்கு 17. துணை ஜனாதிபதி ஜார்ஜ் கிளின்டன் எதிர்த்து ஓட்டுப் போட, பாங்க் காலி. மறுவருஷமே பிரிட்டனோடு யுத்தம்! அரசாங்கம் கடனுக்கு அலைந்தது. 1816-ல் மறுபடி ஒரு பாங்க் தொடங்கினார்கள். ஹாமில்டன் இருந்திருந்தால் பேனாவாலேயே ஓர் ஓட்டைத் திருப்பியிருப்பார் என்பது என் கட்சி. அவர் வாயாலேயே இன்னும் நாலு ஓட்டு போயிருக்கும் என்று நீங்கள் சொன்னால், அதையும் மறுக்க முடியாது.

மாறாக, பர் செத்திருந்தால்? துணை ஜனாதிபதியைக் கொன்றவரை 10 டாலர் நோட்டில் யார் போடுவார்கள்?

நிஜத்தில் நடந்ததன் பாலன்ஸ் ஷீட் இது: பர்ரின் அரசியல் வாழ்வு அன்றோடு க்ளோஸ். நாட்டின் கடனைச் சீராக்கியவர் வீட்டுக்குக் கடனை வைத்துவிட்டுப் போனார். நண்பர்கள் வசூல் செய்துதான் குடும்பத்தைத் தாங்கினார்கள். மனைவி எலிசா அதற்குப் பிறகு 50 வருஷம் விதவையாக வாழ்ந்து 1854-ல் கண்ணை மூடினார். 1799-ல் தண்ணீர் சப்ளை கம்பெனி என்று அனுமதி வாங்கி, பர் சந்தடி சாக்கில் ஒரு பாங்க் ஆரம்பித்தார். அது பல பெயர் மாறி, இன்று ஜே.பி.மார்கன் சேஸ். அந்த இரண்டு துப்பாக்கிகளும் இப்போது அவர்களிடம்தான்!

எனக்கும் ஓர் ஆபீஸில் ஒரு பர் இருந்தார். என்னைக் 'கணக்குத் தெரியாதவன்' என்றாராம். ஒன்பது மாதம் பேச்சுவார்த்தை இல்லை. ஒருநாள் டீக்கடையில் நேருக்கு நேர் கேட்டே விட்டேன்.

"ஐயோ ஸார், உங்க கையெழுத்து புரியலைன்னுதானே சொன்னேன்!"

டீக்கு அவரே காசு கொடுத்தார். உங்கள் பக்கத்து மேஜைக்காரரை இன்றைக்கே ஒரு டீ சாப்பிடக் கூப்பிடுங்கள். வத்தி வைத்த ஆசாமியை மட்டும் கூப்பிடாதீர்கள்.