பாலாற்று மண்ணுக்கு ஒரு பாடம் வேண்டும்

மாதனூர் பக்கத்தில் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் இருக்கிறார். இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம். சில வருடங்களாக வரப்போரம் எல்லாம் வெள்ளையாக உப்பு பூக்கிறது. நட்ட நாற்று நுனி கருகி, பச்சை கட்டாமல் நிற்கிறது. "உப்பு நிலம்னா ஜிப்சம்தான் மருந்து" என்று யாரோ சொல்ல, கடன் வாங்கி லோடு இறக்கி நிலம் முழுக்க வீசிவிட்டார். அடுத்த போகமும் அப்படியேதான் இருந்தது. அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார். "மண் பரிசோதனை செய்தீர்களா?" என்று கேட்டேன். செய்திருந்தார். ஜிப்சம் வாங்குவதற்கு நான்கு மாதம் முன்பே அறிக்கை வந்து, டிவி அலமாரியில் ரேஷன் கார்டோடு மடித்து வைக்கப்பட்டிருந்தது. கார அமில நிலை 7.9. சோடியத்தின் அளவு வரம்புக்குள். மின்கடத்து திறன் மட்டும் எகிறிப் போயிருந்தது. அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்திருந்தால் ஜிப்சம் லோடு அந்த வயலுக்கு வந்திருக்காது.

தமிழில் இதற்கு இரண்டு தனித்தனிச் சொற்கள் உண்டு. நாம்தான் இரண்டையும் 'உப்பு நிலம்' என்று ஒன்றாக்கிவிட்டோம். உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம். காய்ந்தால் மேலே வெள்ளை பூக்கும். கார அமில நிலை பெரும்பாலும் 8.5-க்குள் இருக்கும். நல்ல தண்ணீரைத் தேக்கி, வடிகால் வெட்டி, உப்பைக் கழுவி வெளியேற்றுவதுதான் அதற்கு வழி. களர் நிலம் வேறு. அங்கே மண் துகளோடு சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டும். தண்ணீர் விட்டால் இறங்காமல் தேங்கும், காய்ந்தால் கல்லாக இறுகும். சோடியத்தை விரட்டிவிட்டு அந்த இடத்தில் கால்சியம் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் அங்கே ஜிப்சம். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும், திருச்சி 1, திருச்சி 3 போன்ற நெல் ரகங்களும் இந்தக் களருக்காகச் சொல்லப்படுபவை. இரண்டும் கலந்த நிலமும் உண்டு. அதில் ஜிப்சம் போடாமல் வெறும் தண்ணீரைத் தேக்கிக் கழுவினால் உப்பு போய்விடும், சோடியம் தங்கிவிடும், நிலம் முழுக் களராகிவிடும். கொஞ்சம் விளைந்ததும் விளையாமல் போகும்.

நான் களப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். இதையெல்லாம் இளம் வயதில் படித்தேன், பாதியை மறந்தேன். மறுபடி படித்தது கைபேசியில். கரக்பூர் ஐஐடி நடத்தும் மண் அறிவியல் பாடம் ஒன்று என்பிடெல் தளத்தில் இருக்கிறது. பேத்திதான் பதிவு செய்து கொடுத்தாள். வயது வரம்பு இல்லை, கல்லூரி மாணவராக இருக்க வேண்டியதில்லை, ஒரு ரூபாய் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் பணம் கட்டித் தேர்வு மையத்துக்குப் போய் எழுத வேண்டும். எனக்குச் சான்றிதழ் எதற்கு? பாடம் போதும்.

இந்த ஏற்பாடு புதிதல்ல. அமெரிக்காவின் எம்ஐடி தன் வகுப்புப் பாடங்களை உலகத்துக்கு இலவசமாகத் திறந்துவிடுவதாக 2001-ல் அறிவித்தது. நம் ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்பிடெல்லை 2003-ல் தொடங்கின. மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017 ஜூலையில் வந்தது. பாசனம், வடிகால், இயற்கை வேளாண்மை, நிலத்தடி நீர் என்று நமக்கு வேண்டிய தலைப்புகள் அங்கே கிடைக்கின்றன. நான்கு வாரம், எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று காலக்கெடு வைத்து, வாரம் ஒரு கேள்வித்தாளும் தருகிறார்கள். அந்தக் கேள்வித்தாள் எனக்குப் பிடித்திருந்தது. வாட்ஸ்அப்பில் வரும் வேளாண் வீடியோ எதுவும் "புரிந்ததா?" என்று நம்மைத் திருப்பிக் கேட்பதில்லை.

தகவல் வேறு, பாடம் வேறு. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் இணையதளம் தமிழிலேயே ஏராளமான தகவலைத் தருகிறது. உழவன் செயலி இருக்கிறது. 'களர் நிலத்துக்கு ஜிப்சம்' என்ற வரி அங்கெல்லாம் கிடைக்கும். 'என் நிலம் களரா, உவரா?' என்பதை என் கையில் உள்ள தாளை வைத்து நானே முடிவு செய்ய, ஒருவர் முதலிலிருந்து படிப்படியாகச் சொல்லித் தர வேண்டும். அந்த மாதனூர்க்காரருக்குத் தகவல் கிடைக்காமல் இல்லை. தகவல் கிடைத்ததால்தான் ஜிப்சம் வாங்கினார்.

இனி குறைக்கு வருகிறேன். நான் பார்த்த பாடம் ஆங்கிலத்தில் இருக்கிறது. 'சலைன்', 'சோடிக்' என்று அந்தப் பேராசிரியர் மணிக்கணக்கில் விளக்குகிறார். அருமையான விளக்கம். உவர், களர் என்று சொன்னால் அரை நிமிடத்தில் பிடித்துக்கொள்ளக்கூடிய நம் ஊர்க்காரருக்கு அது எட்டாது. என்பிடெல் பாடங்கள் சிலவற்றுக்குத் தமிழில் எழுத்து வடிவமும் நூல்களும் வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. நான் தேடியவரை அவை பெரும்பாலும் பொறியியல் மாணவர்களுக்கானவை. வேளாண் பாடங்களும் கல்லூரி மாணவர் மதிப்பெண் வாங்குவதற்கான அளவிலும் வேகத்திலும்தான் இருக்கின்றன. 'யார் வேண்டுமானாலும் படிக்கலாம்' என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே போட்டிருக்கும் நாற்காலிகள் கல்லூரிப் பிள்ளைகளுக்கானவை.

நம் பகுதிக்கு இந்தப் பாடம் ஏன் அவசரம் என்பதை வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கத்து விவசாயிக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுப் பதப்படுத்திக் கொண்டுவருகிறார்கள். தோல் தொழிற்சாலையில் ஊறவைக்கும்போது அந்த உப்பு முழுக்கத் தண்ணீரில் இறங்குகிறது. சாதாரண சுத்திகரிப்பு அழுக்கைக் குறைக்கும், கரைந்த உப்பை எடுக்காது. பல பத்தாண்டுகள் அந்தத் தண்ணீர் பாலாற்றிலும் ஏரிகளிலும் கலந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை இன்று நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் அது ஒன்று. எந்த மண்ணால் அந்தத் தீர்ப்பு வந்ததோ அந்த மண்ணைப் பற்றி, அதை உழுகிறவர் படிக்க ஒரு பாடம் கிடையாது.

அந்தத் தீர்ப்பை ஒட்டி அமைந்த ஆணையம் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 27 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரி ஒன்பதாயிரம் சொச்சம். 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, விடுபட்டவர்களுக்கு இழப்பீடு தரவும், அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கவும், கண்காணிப்புக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும் என்று தெரியும். "நிலத்தைக் கெடுத்தவன் யாரோ, பாடம் படிக்க வேண்டியது நானா?" ஆம்பூரில் ஒரு கூட்டத்தில் என்னிடம் நேராகவே கேட்டார்கள். நியாயமான கோபம். படிப்பைக் கொடுத்து இழப்பீட்டை மறக்கடிக்கும் வேலைக்கு நான் ஆள் இல்லை. ஆனால் இழப்பீடு கேட்கப் போகும் இடத்திலும் அதே தாள்தான் பேசுகிறது. கிணற்றுத் தண்ணீரின் உப்பு எந்த வருடம் எவ்வளவு, சோடியம் எவ்வளவு, எந்தக் கிணற்றில், எந்த ஆழத்தில் என்று ஐந்து வருடக் கணக்கைக் கையில் வைத்திருப்பவரை அதிகாரி அவ்வளவு எளிதில் அனுப்பிவிட முடியாது. ஆன்லைனில் விற்கும் பேனா மீட்டரை நம்பிச் சிலர் குறித்து வைக்கிறார்கள். வைக்கட்டும், உப்பு கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க உதவும். ஆனால் அது மொத்த உப்பைத்தான் காட்டும். சோடியத்தின் பங்கையும் குரோமியத்தையும் காட்டாது. அதற்கு ஆய்வகம்தான். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நல்ல வழக்குகள் பலவீனப்படக்கூடும்.

"விவசாயிக்குப் படிக்க நேரம் ஏது, பொறுமை ஏது?" என்று சில அலுவலர்கள் சிரிப்பார்கள். 1960-களில் ஆடுதுறை 27 நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி சொல்லச் சொல்லக் கேட்டு நட்ட தஞ்சை விவசாயிகள், அந்த ரகத்துக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்தார்கள். கேட்கிற காது அன்றே இருந்தது.

அதைவிட நெருக்கமான உதாரணம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. கனடாவில் தலைமையகம் கொண்ட காமன்வெல்த் கல்வி அமைப்பு, விவசாயிகளுக்கான வாழ்நாள் கல்வி என்ற திட்டத்தை 2004 வாக்கில் தமிழ்நாட்டில்தான் தொடங்கியது. போடிநாயக்கனூர் பக்கம் 'விடியல்' என்ற அமைப்பில் சேர்ந்திருந்த பெண்கள் சில நூறு பேர் ஆடு வளர்க்க வங்கிக் கடன் வாங்கினார்கள். ஆட்டோடு ஒரு கைபேசியும் வாங்கினார்கள். கொட்டகை, தீவனம், நோய், காப்பீடு என்று பாடம் சிறு சிறு குரல் செய்தியாக அந்தப் போனுக்குத் தமிழில் வந்தது. பாடத்தைச் சரிபார்க்கப் பல்கலைக்கழகத்தார் இருந்தார்கள், எந்தப் பாடம் வேண்டும் என்று சொன்னது அந்தப் பெண்கள். இன்றைய ஸ்மார்ட்போன் அன்று அவர்களிடம் கிடையாது. காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டே கேட்டார்கள். பிறகு கான்பூர் ஐஐடியும் இதே அமைப்போடு சேர்ந்து, தோட்டக்காரர்களுக்கு இந்தியில் சாதாரண போன் வழியாகவே ஒரு பாடம் நடத்திப் பார்த்தது. ஆக, வழி தெரியாமல் இல்லை.

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. பாலாற்றுப் படுகையின் உப்பு நிலத்துக்கென்று ஆறு வாரப் பாடம் ஒன்று, தமிழில். ஒரு பாடம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் வாரமே பரிசோதனைத் தாளைப் படிப்பது எப்படி என்பதில் தொடங்கட்டும். வேளாண் பல்கலைக்கழகத்தின் விரிஞ்சிபுரம் அறிவியல் நிலையம் நம் வயலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தோலின் வேதியியலை விளக்க 1948 முதல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தளம் நடத்தும் அனுபவம் சென்னை ஐஐடியில் இருக்கிறது. மூன்று பேரும் ஒரு மேசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். உட்காரும்போது மேசையில் நான்காவதாக ஒரு விவசாயியையும் உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் மறுபடி 'சோடிக்' என்றுதான் தொடங்குவார்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. வட்டார உதவி வேளாண்மை அலுவலர்களும் உழவர் குழுக்களில் இருக்கும் பட்டதாரி இளைஞர்களும் இப்போதிருக்கும் ஆங்கிலப் பாடத்தில் ஒன்றை முழுதாக உட்கார்ந்து முடியுங்கள். முடித்ததை வாரம் ஒரு நாள், ஊர்ப் பொதுவிடத்தில், நம் பேச்சில் சொல்லுங்கள். ஒரு ஊருக்கு ஒருவர் போதும். ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு நம் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் போய்வரும் பெண்கள் பலர் பிளஸ் டூ முடித்தவர்கள். போக அரை மணி, வர அரை மணி, காதில் பாட்டு. வீட்டில் அப்பா கிணற்றுத் தண்ணீரோடு போராடிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண்களைக் கணக்கில் எடுக்காமல் யார் பாடம் தயாரித்தாலும் பாதி வகுப்பறை காலி என்றுதான் சொல்வேன்.

எங்கள் ஊரில் இதைச் சின்னதாகத் தொடங்கியிருக்கிறோம். ஞாயிறு சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கோயில் திண்ணையில் உட்காருகிறோம். நான் பார்த்ததைச் சொல்கிறேன், அவரவர் தங்கள் மண் பரிசோதனைத் தாளை எடுத்து வருகிறார்கள். மூன்றாவது வாரம் பாசன நீர். மாதிரி எடுப்பதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். மாதனூர்க்காரர் இடைமறித்தார். "மோட்டாரை அரை மணி ஓடவிட்டுத்தான் பாட்டில்ல பிடிக்கணும் சார். பாட்டிலையும் அதே தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசணும். நேத்தே பிடிச்சு வெச்சுட்டேன். விரிஞ்சிபுரம் எப்போ போறோம்?"