கல்வராயன் மலைக்கா? முதலில் கடைசி பஸ்ஸைக் கேளுங்கள்!

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் விடுமுறை நாள் காலையில் நின்றால் இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கலாம். கையில் வாட்டர் பாட்டிலும் செல்போனுமாக, “வெள்ளிமலை பஸ் எத்தனை மணிக்கு?” என்று விசாரிப்பவர்கள் ஒரு பக்கம். அரிசி மூட்டை, எண்ணெய் கேன், தூங்கும் குழந்தை என்று எல்லாவற்றோடும் எதையும் விசாரிக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் இன்னொரு பக்கம். முதல் வகை சுற்றுலாப் பயணிகள். இரண்டாவது வகையினர் மலையில் வீடு உள்ளவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே பஸ்தான்.

முதல் வகை ஆட்கள் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. மேலே போகும் பஸ் எப்போது என்று கேட்பார்கள். கீழே வரும் கடைசி பஸ் எப்போது என்று கேட்க மாட்டார்கள்.

மலை வழித்தடங்களில் ‘நைட் ஹால்ட்’ என்று ஒன்று உண்டு. மாலையில் மேலே ஏறும் பஸ் கடைசி ஊரிலேயே இரவு தங்கும். டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்து எழுந்து, விடியற்காலை முதல் டிரிப்பாகக் கீழே வண்டியை எடுப்பார்கள். கடைசியாக மேலே போன பஸ் திரும்பி வரும் என்று நம்பிக் காத்திருந்தால், அது மறுநாள் காலைதான் வரும். ஊட்டி, ஏற்காடு என்றால் ரூம் போட்டுத் தங்கிவிடலாம். இங்கே கரியாலூர் போன்ற ஓரிரு இடங்களை விட்டால் தங்கும் வசதி குறைவு. அதையும் முன்கூட்டியே பேசி வைக்காமல் போய் நின்றால் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

அதனால் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் ஒருமுறை, ஏறிய பஸ்ஸின் கண்டக்டரிடம் ஒருமுறை, மேலே இறங்கியதும் டீக்கடையில் ஒருமுறை, ஆக மூன்று முறை கேளுங்கள். மூன்று பதிலும் வேறு வேறாக இருந்தால், முன்னதாக உள்ள நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய டைம் டேபிளை நம்ப வேண்டாம். மழை பெய்து பாதையில் மண் சரிந்தால், போர்டில் எழுதியிருக்கும் நேரத்துக்கே மதிப்பில்லை.

சரி, கள்ளக்குறிச்சி வரை எப்படி வருவது? சென்னையிலிருந்து கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, உளுந்தூர்பேட்டையில் சேலம் ரோட்டில் திரும்பி வர வேண்டும். சுமார் 250 கிலோமீட்டர். ரயில் என்றால் சேலம் – விருத்தாசலம் பாதையில் சின்னசேலம்தான் பக்கத்து ஸ்டேஷன். எழும்பூர் – சேலம் இரவு ரயில் இந்த வழியாகத்தான் போகிறது. ஆனால் விடியும் முன்பே இறக்கிவிட்டுவிடும். குழந்தைகளோடு வருபவர்கள் அதை யோசித்து டிக்கெட் போடுவது நல்லது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மலை ஏறுகிறது பாதை. மேலே வெள்ளிமலைதான் தாலுகா தலைமையிடம். அங்கிருந்து மலை மேலேயே சேலம் மாவட்டத்துக் கருமந்துறைக்குப் போகலாம். அங்கே அரசுத் தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. சேலம், ஆத்தூர் பக்கத்து ஆட்களுக்கு அந்த வழியே சுலபம்.

கூகுள் மேப்பில் வெறும் ‘வெள்ளிமலை’ என்று தட்டிவிடாதீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்திலும் ஒரு வெள்ளிமலை இருக்கிறது! கள்ளக்குறிச்சி என்று சேர்த்துத் தட்டுங்கள். ஆங்கிலத்தில் ‘கல்ராயன்’ என்றும் எழுதுவார்கள், இரண்டும் ஒன்றுதான். கச்சிராயபாளையம் தாண்டுவதற்குள் மேப்பை டவுன்லோடு செய்து வைத்துவிடுங்கள். மேலே பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அதே காரணத்தால் ஜி-பேயும் கைகொடுக்காது. பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் நோட்டாகப் பையில் இருக்கட்டும். வண்டியில் வருபவர்கள் பெட்ரோலையும் அடிவாரத்துக்கு முன்பே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

காரோ பைக்கோ, கொண்டை ஊசி வளைவில் பலருக்கும் தெரியாத சட்டம் ஒன்று உண்டு. குறுகலான மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்கி வருபவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். 2017-ம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுநர் விதிமுறைகளிலேயே இது இருக்கிறது. இறங்கும்போது எந்த கியரில் ஏறினோமோ அதே கியர். நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும்.

பஸ்ஸைத் தவறவிட்டவர்களுக்கு ஒரு சபலம் வரும். மூட்டை ஏற்றிய பிக்கப் வேன் நிற்கும், “ஏறிக்குங்க” என்பார்கள். ஏறாதீர்கள். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் பக்கம் ஜவ்வாது மலையில், கோயிலுக்குப் போனவர்களை ஏற்றிய வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். சரக்கு வண்டியில் ஆளை ஏற்றுவது சட்டப்படி தவறு. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கேட்பதும் சிக்கல்.

மலைவாசிகளும்தான் அதில் போகிறார்களே என்று கேட்கலாம். போகிறார்கள், வேறு வழியில்லாமல். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை இது. உள்ளே தள்ளி இருக்கும் பல ஊர்களுக்கு இன்னும் சரியான தார்ச்சாலை இல்லை. சாலை போட வனத்துறை அனுமதியும் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு அத்தனை உயிர்கள் போன பிறகு, கல்வராயன் மலை மக்களின் நிலை பற்றி சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலையும் பஸ்ஸும் அப்போது நீதிமன்றத்தில் பேச்சாயின. சுற்றுலா வந்தவருக்கு பஸ் போனால் ஒரு இரவு வீண். பிரசவ வலியோடு இருக்கும் பெண்ணுக்கு அப்படி இல்லை.

அதனால் கூட்டமாக வருபவர்கள் சந்தை நாள் எது என்று விசாரித்து, அன்றைக்குத் தவிர்த்துவிடலாம். முடிந்தவர்கள் தனி வண்டி அமர்த்திக்கொள்ளலாம். பஸ்ஸில்தான் போவீர்கள் என்றால் பெரிய பையை சீட்டில் வைக்காதீர்கள். பெண்களுக்கு இலவசப் பயணம் எல்லா பஸ்ஸிலும் கிடையாது. ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டால் பிறகு வாக்குவாதம் வராது.

எப்போது போகலாம்? மேகம், பெரியார் அருவிகளில் தண்ணீர் பார்க்க வேண்டும் என்றால் மழைக்காலத்தை ஒட்டித்தான். கோடையில் போய்விட்டு வெறும் பாறையோடு செல்ஃபி எடுத்துத் திரும்பியவர்கள் நிறைய. அதற்காகக் கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் கிளம்பிவிடக் கூடாது. மேலே எங்கோ பெய்த மழை, வெயில் அடிக்கும்போதே அருவியில் வந்து இறங்கும். குளிக்கத் தடை என்று வனத்துறை சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். ஊட்டி மாதிரி குளிரும் என்று ஸ்வெட்டரை அடுக்கவும் தேவையில்லை. பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடி உயரம்தான். ஸ்வெட்டர் வைக்கும் இடத்தில் ஒரு டார்ச் லைட்டும், பிஸ்கட் பாக்கெட்டும் வைக்கலாம். காலி கவரைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

ஆம்புலன்ஸுக்கு 108, காட்டுப் பாதையில் மாட்டிக்கொண்டால் 112. ஆனால் சிக்னல் இருந்தால்தான் இரண்டும். கிளம்பும்போதே, “இந்த வழியாகப் போகிறோம், இத்தனை மணி பஸ்ஸில் இறங்குவோம், கச்சிராயபாளையம் வந்ததும் போன் பண்ணுகிறோம்” என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரத்துக்கு போன் வரவில்லை என்றால் யாரைத் தேடச் சொல்வது என்று அவருக்காவது தெரிந்திருக்கும்.