திரும்பி வந்ததும் யாத்திரையே

ஐந்தருவிச் சாரலிலேயே வாழ்ந்து முதிர்ந்த தம்பதியர் அவர்கள். கங்கை தோன்றும் பனிமலையை ஒரு முறையேனும் தரிசிக்க வேண்டும் என்பது இருவரின் நெடுநாள் விருப்பம். கணவருக்கு 68 வயது நிறைந்த ஆண்டின் வைகாசியில் அது கைகூடியது.

கங்கோத்ரி ஆலயத்திலிருந்து கோமுகம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். பாதையின் பெரும்பகுதி, 1989-இல் அமைந்த கங்கோத்ரி தேசியப் பூங்காவுக்குள் செல்கிறது. வனத்துறையின் அனுமதிச் சீட்டு பெற்றே ஏற வேண்டும். பாகீரதியின் கரையோரமாக முதலில் ஊசியிலை மரங்கள் அடர்ந்த சீர்பாசா. அடுத்து, பூர்ஜ மரங்களால் பெயர் பெற்ற போஜ்பாசா. முற்காலத்தில் நூல் எழுதும் ஏடாகப் பயன்பட்டது அம்மரத்தின் பட்டையே. ஓடைகள் குறுக்கிடும் இடங்களில் அப்போதும் பனி உறைந்து கிடந்தது. முன்சென்றோரின் அடிச்சுவடுகளிலேயே கால்வைத்து, கோல் ஊன்றி, இருவரும் மெல்ல நடந்தனர்.

போஜ்பாசா சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு இரவு தங்கி எழுந்தபோது கணவருக்குத் தலைவலியும் குமட்டலும் மிகுந்தன. அமர்ந்திருக்கையிலும் மூச்சு வாங்கியது. மலையுயரத்தில் காற்று மெலிவதால் வரும் இந்நோய்க்குக் கீழே இறங்குவதே முதல் மருந்து. உடனே இறங்கும்படி வழிகாட்டி வற்புறுத்தினார். கோமுகத்துக்கு எஞ்சியதோ 4 கிலோமீட்டர்தான்.

"நீ மட்டுமாவது பார்த்துவிட்டு வா" என்றார் கணவர், கண் கலங்க.

அம்மையார் இசையவில்லை. "அப்பர் சுவாமிகளையே வழியில் திருப்பி அனுப்பியவர் நம் பெருமான். நாம் எம்மாத்திரம்? வாங்க, இறங்குவோம்" என்றார்.

கயிலை காணப் புறப்பட்ட திருநாவுக்கரசர், கால்கள் தேய்ந்தபின் கைகளால் தவழ்ந்தும், மார்பால் ஊர்ந்தும், உருண்டும் சென்றதைப் பெரியபுராணம் உரைக்கிறது. முனிவராக எதிர்ப்பட்ட இறைவன் மீளச் சொன்னபோதும் அவர் உடன்படவில்லை. பின்னர் அருளாணைப்படி அங்கிருந்த தடாகத்தில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். அங்கேயே கயிலைக் காட்சியும் பெற்றார். அவருடைய பக்தியில் குறையில்லை. தளர்ந்த அந்த உடலுக்கு இறைவன் இரங்கினான், அவ்வளவே.

இறங்க இறங்கக் கணவரின் மூச்சு சீரானது. கங்கோத்ரியில் அன்னையை வணங்கி, ஒரு செம்பில் கங்கை நீர் முகந்துகொண்டு ஊர் திரும்பினர்.

அப்பர் கயிலைக் காட்சி கண்ட நாளாகத் திருவையாற்றில் கொண்டாடப்படுவது ஆடி அமாவாசை. அன்று விடியலில் இருவரும் ஐந்தருவிக்குச் சென்றனர். சாரல் காலமாதலால் ஐந்து கிளைகளும் நிறைந்து விழுந்தன. தலையில் நீர் பட்டதும் கணவரின் நா தன்னையறியாமல் "கங்கா, கங்கா" என்றது. பின்னர்க் குற்றாலநாதர் திருக்கோயிலில் அந்தச் செம்பு நீரை அபிஷேகத்துக்கு அளித்தனர். கோமுகம் காணாத குறையை அதன்பின் அவர் எவரிடமும் சொன்னதில்லை.

முதுமையில் யாத்திரை செல்வோருக்கு மலையேறப் பக்தி வேண்டும். உடல் மறுக்குமிடத்தில், அதுவும் அவன் ஆணையே என்று வணங்கித் திரும்பவும் அதே பக்தி வேண்டும்.