கேட்டுப் பார்த்து வாங்குவோம்

திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டில் திருவனந்தபுரத்தில் ஏற்படுத்திய சாலைக் கடைத்தெருவில், அரிசியை உள்ளங்கையிலிட்டும் மிளகை முகர்ந்தும் சோதித்து வாங்குகிற வழக்கம் இன்றளவும் அழியாதிருக்க, அங்கே சரக்கெடுக்கிற குடும்பங்களே சங்கீதம் கேட்பதற்கான சாதனத்தை மட்டும் கைபேசித் திரையில் தோன்றும் படத்தையும் நட்சத்திரக் குறிகளையும் நம்பி வாங்கிவிடுகின்றன. உயர்தர ஒலிச்சாதனங்களைச் சிறிய அளவில் செய்கிறவர்களின் பிரதான கஷ்டம் இதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நம் கேரள ராஜ்யத்திலேயே, கொச்சியில், கட்டடக் கலைஞரான ஜேக்கப் ஜார்ஜ் தோற்றுவித்த 'ரெத்ம்' என்னும் ஸ்தாபனம், சாதனா, மார்கா, பாவா என்று சம்ஸ்கிருத நாமங்கள் சூட்டிய ஸ்பீக்கர்களைச் செய்து, வெளிநாட்டு விமர்சகர்களின் கவனத்தையும் பெற்றது. சாதாரண ஸ்பீக்கர்களில் ஒலியைக் கூறுபோட்டு, உச்ச ஸ்வரங்களை ஒரு கூம்புக்கும் ஏனையவற்றை வேறொன்றுக்கும் பிரித்தனுப்பும் மின்சுற்று ஒன்று இருக்கும்; இவர்களோ பாடகரின் குரலும் வயலினும் சஞ்சரிக்கும் எல்லை அனேகமாக முழுவதையும் ஒரே கூம்பினிடம் ஒப்படைத்து, அடித்தளத்து நாதத்துக்கு மட்டும் வேறு ஏற்பாடு செய்தார்கள். குரலைப் பிரதானமாகக் கொண்ட நம் சங்கீதத்துக்கு இது எவ்வளவு இசைவானது என்பதைச் செவி அறியுமேயன்றி, விளம்பரம் அறிவிக்க மாட்டாது.

டிஜிட்டல் முறையே நாதத்தைக் கெடுத்தது என்று பழிப்பவர்களோடு நான் உடன்படவில்லை. 1982-இல் வந்த குறுந்தகடே வினாடிக்கு 44,100 மாதிரிகளாக ஒலியைப் பதிந்தது; எதையும் கழிக்காத பதிவுகளை 2021 முதல் ஆப்பிள் நிறுவனம் தனிக்கட்டணமின்றியே வழங்குகிறது. மூலப் பதிவு செம்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை ஒலிக்குரிய மின்னலையாக மாற்றும் சில்லுகள் உலகில் விரல்விட்டு எண்ணத்தக்க ஆலைகளிலேயே உற்பத்தியாவதால், 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகா நகரில் ஆசாஹி கசேயின் ஆலை தீப்பற்றியபோது, பல தேசத்துச் சிறு உற்பத்தியாளர்கள் தங்கள் சாதனங்களை வேறு சில்லுக்கேற்ப மறுபடி வடிவமைக்க நேர்ந்தது; ஆயிரக்கணக்கில் முன்கூட்டி வாங்கிச் சேமிக்க அவர்களிடம் மூலதனம் ஏது? மேலும், தலைமுறைக் காலம் உழைக்கக்கூடிய மரப்பெட்டிக்குள், சில ஆண்டுகளில் மென்பொருள் பழசாகிவிடும் மின்னணுப் பலகையையும் பொருத்தித் தரும்படி வாடிக்கையாளர் கேட்கிறார்.

இவற்றையெல்லாம் திறமையால் சமாளிக்கலாம். ஆனால், வாங்குமுன் கேட்டுப் பார்க்க இடமில்லாமற்போன குறையைத் திறமையால் ஈடுசெய்ய இயலாது. ஸ்பீக்கரின் குணத்தில் பாதி, அது வைக்கப்பட்ட அறையின் குணம். சாலைக் கடைத்தெருவுக்கு அருகே கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்தில் மண்பானைகளைக் கவிழ்த்துக் கட்டி நாதத்தைச் செம்மைப்படுத்திய முன்னோர் இந்த உண்மையை நன்கறிந்திருந்தார்கள்.

1973-இல் கேரள அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரான் பிறந்த நகரம் திருவனந்தபுரம். 1939 முதல் சங்கீதக் கல்லூரி நடக்கிற நகரமும் இதுவே. அக்கல்லூரியில் ஓர் அறையை ஒழுங்குபடுத்தி, நாட்டின் சிறு உற்பத்தியாளர்கள் முறைவைத்துத் தங்கள் சாதனங்களைக் கொணர்ந்து பொதுமக்களுக்குக் கேட்பிக்க அரசாங்கம் இடமளிப்பது பெருஞ்செலவான காரியமன்று. வாசகர்களும், நன்கு பழகிய கச்சேரிப் பதிவு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அரைமணி நேரமேனும் உட்கார்ந்து கேட்ட பிறகே பணம் கொடுப்பதென்று தீர்மானித்துக்கொள்ள வேண்டுகிறேன்.